மரம் வராத மரப்பாட்டு: ஸ்பிட்ஸ் குழுவின் 'கயேதே' எதைப் பாடுகிறது?

கேள்வி: "ஸ்பிட்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழுவின் 'கயேதே' பாட்டை மொழி தெரியாமலே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பைப் படித்தால் குழப்பம்தான் கூடுகிறது. இது மங்கிப்போன காதலா, முறிந்த காதலா, இல்லை இறந்துபோனவரை நினைத்துப் பாடுவதா? தலைப்புக்கு மேப்பிள் மரம் என்று அர்த்தமாம். பாட்டில் மரமே வரவில்லையே?"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மரம் இல்லை என்று நீங்கள் கவனித்தது சரி. ஆனால் இல்லாதது மரம் மட்டுமா? 'காதல்' என்ற சொல் ஒரு தடவைகூட வருவதில்லை. 'கண்ணீர்' இல்லை. மழை இல்லை, இலையுதிர் காலம் இல்லை, ரயில்வே பிளாட்பாரம் இல்லை. பிரிவுப் பாட்டு என்றால் வழக்கமாக எதையெல்லாம் எதிர்பார்ப்போமோ, அதில் ஒரே ஒரு 'சயோனாரா' மட்டும்தான் இதில் மிஞ்சியிருக்கிறது. யார் யாரை விட்டுப் போனார்கள், ஏன், எப்போது, ஒரு தகவலும் கிடையாது. கதையைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பாடுபவனுக்கு எது ஞாபகம் இருக்கிறது, எதை ஞாபகப்படுத்த முடியாமல் திணறுகிறான் என்று பார்த்துக்கொண்டே போனால் பாட்டு வழிவிடும்.

(பாடுபவன் தன்னை 'பொகு' என்றும் எதிரில் இருப்பவரை 'கிமி' என்றும் சொல்கிறான். 'கிமி' ஆணா பெண்ணா என்று ஜப்பானிய மொழி காட்டிக்கொடுக்காது. எழுத வசதியாக 'அவள்' என்கிறேன்.)

பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியவர் குசானோ மசாமுனே. 1987இல் தோக்கியோவில் கூடிய நாலு பேர்தான் ஸ்பிட்ஸ். குசானோ, கிதாரில் மிவா தெத்ஸுயா, பேஸ் கிதாரில் தமுரா அகிஹிரோ, டிரம்ஸில் சகியாமா தத்ஸுவோ. ஆள் மாறாமல் இன்றுவரை அதே நாலு பேர். ஆரம்பத்தில் பங்க் வாசித்துக்கொண்டிருந்த குசானோ, புளூ ஹார்ட்ஸ் என்ற ஜப்பானிய பங்க் குழுவைக் கேட்டதும் தான் செய்ய நினைத்ததை இவர்களே செய்துவிட்டார்கள் என்று அசந்துபோய், அந்தப் பாதையை விட்டு அக்கூஸ்டிக் கிதாரைக் கையில் எடுத்தவர். 1991இல் பெரிய இசை நிறுவனம் வழியாக முதல் வெளியீடு வந்தது. 1995இல் 'ராபின்சன்' 16 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று இவர்களை நாடறிய வைத்தது. அனிமே பார்ப்பவர்களுக்கு 2023இல் வந்த டிடெக்டிவ் கோனான் படத்தின் முடிவுப் பாடல் நினைவிருக்கலாம். அந்தக் குரல்தான் இது.

'கயேதே' 1998 மார்ச்சில் 'ஃபேக் ஃபர்' என்ற ஆல்பத்தில் ஆறாவது பாட்டாக வந்தது. பிறகு அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி 'ஸ்பிகா' என்ற இன்னொரு பாட்டோடு சேர்த்துத் தனியாகவும் வெளியிட்டார்கள். ஜூலை 7 ஜப்பானில் தனாபதா திருநாள். வானத்து ஆற்றின் இரண்டு கரையிலும் பிரித்து வைக்கப்பட்ட காதலர்கள் வருடத்துக்கு ஒரே ஒரு முறை சந்திக்கும் இரவு. அந்த மாதத்தில் அங்கே மேப்பிள் மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். இந்தப் பச்சையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பைப் பற்றிப் பேசும்போது வேண்டும்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முறிந்த காதல்தான், முறிந்து கொஞ்ச காலம் ஆனபின் பாடுவது. அவள்மேல் இருந்த ஆசை மங்குகிறது என்று நான் நினைக்கவில்லை. அவளோடு இருந்தபோது இவன் யாராக இருந்தானோ, அந்த ஆள் மங்கிக்கொண்டு வருகிறான். அது இவனுக்கே தெரிகிறது. பாட்டு முழுக்கப் பட்டும் படாமலும் அதைத்தான் சொல்கிறான்.

காலம் ஓடினாலும் மறக்க மாட்டேன் என்றுதான் ஆரம்பிக்கிறான். சத்தியம் செய்கிற தோரணை. சரி, எதை மறக்க மாட்டான்? ஒருவரையொருவர் சீண்டி விளையாடிப் பேசிக்கொண்டது. மனதில் இருந்த முள்கூட அவள் சிரித்தால் சின்னதாக, உருண்டையாக ஆகிவிட்டது. அவ்வளவுதான், பட்டியல் முடிந்துவிட்டது. முதல் சந்திப்பு இல்லை, முத்தம் இல்லை, ஊர் பேர் இல்லை. முகம்கூட இல்லை. சிரித்தாள் என்கிறான், சிரித்த கண்ணையும் வாயையும் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தச் சிரிப்பு தனக்குள் என்ன செய்தது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. பிரிந்து சில வருஷம் ஆனவர்கள் உண்மையில் இப்படித்தான் நினைவு வைத்திருப்பார்கள். தேதியும் உருவமும் முதலில் போய்விடும், பக்கத்தில் இருந்தபோது நமக்கு எப்படி இருந்தது என்பது மட்டும் உடம்பில் தங்கிவிடும்.

முள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவள் முள்ளைப் பிடுங்கி எறியவில்லை. முனை மழுங்கியது, முள் உள்ளேயேதான் இருந்தது. அவள் சிரிக்கும்வரைதான் மழுங்கல். அவள் போனபின் அது என்ன ஆகும் என்று குசானோ அங்கே சொல்லவில்லை. இரண்டாவது தடவை பல்லவி வரும்போது, இனி நான் காயப்பட்டாலும், யாரையாவது காயப்படுத்தினாலும் என்று ஒரு வரி வருகிறது. அந்தக் கூர்மை எங்கிருந்து திரும்பி வந்தது என்று அப்போது நமக்குப் பிடிபடும்.

அடுத்து வருவதுதான் இந்தப் பாட்டின் ஆணிவேர் என்று நான் நினைக்கிற வரி. இரண்டு பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்த ஓட்டை வழியாக அப்போது என்னத்தைப் பார்த்தோம் என்று கேட்கிறான். மொத்தமே ஒரு வாக்கியம். இது எந்த ஓட்டை, எந்தச் சுவர், எந்த வேலி என்று ஒன்றும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் மரப்பலகை வேலியில் கணு விழுந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்ப்பார்களே, அந்தக் காட்சிதான் ஜப்பானியக் காதுக்கு முதலில் வரும்.

அந்த விளையாட்டின் விதியை யோசித்துப் பாருங்கள். ஓட்டை ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்கலாம். ஒருத்தர் பார்க்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று 'என்ன தெரியுது, என்ன தெரியுது' என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு இவர் நகர, அவர் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே ஓட்டை வழியாகப் பார்த்தவர்கள், ஆனால் ஒரு தடவைகூடச் சேர்ந்து பார்த்ததில்லை. அவள் கண் அங்கே இருந்தபோது எதைப் பார்த்தது என்பது அவள் சொன்னதால்தான் இவனுக்குத் தெரியும். இப்போது அவள் இல்லை, கேட்க ஆள் இல்லை. தான் பார்த்தது என்ன என்பதும் இவனுக்கு ஞாபகம் இல்லை. மறக்க மாட்டேன் என்று வாய் மூடவில்லை, அதற்குள் மறதி வந்துவிட்டது!

இதை வெறும் ஞாபக மறதியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. காதலிக்கும்போது இரண்டு பேரும் ஒரே கனவைக் காண்கிறோம் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். இவன் இப்போது திரும்பிப் பார்த்தால், ஒரே ஓட்டைதான், ஆனால் ஒரே காட்சிதானா என்று சொல்ல முடியவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. குசானோ இதற்குப் போட்டிருக்கும் தொனியும் அப்படித்தான். துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கவில்லை. 'என்னத்தப் பார்த்தோம், ம்ம்...' என்று தனக்குத்தானே பேசிக்கொள்வது போல ஒரு இழுப்பு. அதன் பின்னால் உடனே, தனியாளாக நிறைவேற்ற முடியாத கனவுகளும் இருந்தன என்கிறான். என்ன கனவு என்பதையும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல்தான் சொல்லவில்லை என்பது என் ஊகம்.

பிறகுதான் எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடம். சயோனாரா, உன் குரலை அணைத்துக்கொண்டு நடந்து போகிறேன். ஆ, நான் நானாகவே எவ்வளவு தூரம் போய்ச் சேரும்?

உங்கள் மொழிபெயர்ப்பு சறுக்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். முதல் பாதி லேசாகப் புரிந்துவிடும். அவளுடைய பொருள்களில் இவன் கையில் மிச்சம் இருப்பது குரல் ஒன்றுதான். அணைத்துக்கொள்ள உடம்பு இல்லை, குரலை அணைத்துக்கொள்கிறான். இரண்டாவது பாதியில் 'போய்ச் சேரும்' என்ற வினைக்கு எழுவாயே இல்லை. போய்ச் சேர வேண்டியது இவனா, இவன் பாட்டா, அவளுக்குச் சொல்ல நினைத்ததா? எங்கே போய்ச் சேர வேண்டும்? ஜப்பானிய வாக்கியம் இதையெல்லாம் திறந்து வைத்துவிட்டுப் போகும். மூன்றுமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. ஆனால் 'நான் நானாகவே' என்ற பகுதி மட்டும் தெளிவு. அவள் பக்கத்தில் இருந்தபோது இவன் கொஞ்சம் வேறு ஆளாக இருந்தான், முள் மழுங்கிய ஆளாக. இப்போது அந்த உதவி இல்லாமல், தன் சொந்த அளவில், எவ்வளவு தூரம்? பிரிவுப் பாட்டில் 'நீ இல்லாமல் என்னால் முடியாது' என்று கதறுவதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். இவன் முடியாது என்று சொல்லவே இல்லை. முடியுமா, எவ்வளவு தூரம் முடியும் என்று கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்குத்தான் தொண்டையை அடைக்கிறது.

இரண்டாவது சரணத்தில் வானம் வருகிறது. கண்ணாடிக்கு அப்பால் வட்டப் புள்ளிகளாக மேகங்கள் இறைந்து கிடந்தன, அந்த நாள் வரைக்கும். இந்த 'இறைந்து கிடந்தன' என்பதற்கு அவர் போட்டிருப்பது, வீட்டில் துணியும் புத்தகமும் ஒழுங்கில்லாமல் கிடப்பதற்குச் சாதாரணமாகச் சொல்கிற வினை. வானத்துக்கு அதைப் போடுகிறார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு அறை இருந்தது, அதில் இரண்டு பேரின் சாமான்கள் கிடந்தன என்பதை அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சொல்லிவிட்டார். அந்த மேகத்தைப் பற்றியும் ஒன்று. சின்னச் சின்னப் புள்ளிகளாக வானம் முழுக்கப் பரவும் மேகத்தை ஜப்பானியர்கள் மத்தி மீன் மேகம் என்பார்கள். ஹைக்கூ மரபில் அது இலையுதிர் காலத்துக்கு உரிய சொல். பாட்டில் அந்தப் பருவத்தின் பெயர் இல்லை என்றேன் அல்லவா? பெயர் இல்லாமல் வானத்தின் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நான் படிக்கிறேன். குசானோ அந்த மேகத்தின் வழக்கமான பெயரையும் தவிர்த்துவிட்டு, பாவாடைத் துணியில் போடுகிற வட்டப்புள்ளி டிசைனின் பெயரைப் போட்டிருக்கிறார். அதனால் இதை நூறு சதவீதம் என்று சாதிக்க மாட்டேன்.

காற்றடித்தால் பறந்துவிடும் போன்ற கனமில்லாத உயிரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கிடைப்பது போன்ற ஒரு சந்தோஷத்தை நம்பியிருந்தேனே என்று அடுத்து வருகிறது. இதை 1998இல் கேட்டவர்களின் காதால் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய நவம்பரில்தான் நூறு வருஷப் பழமையான யமாஇச்சி பங்கு வர்த்தக நிறுவனம் மூடப்பட்டது. பொருளாதாரக் குமிழி உடைந்து, கல்லூரி முடித்தவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் திண்டாடிய வருஷங்கள். வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகள் என்று அப்பா தலைமுறைக்குத் தானாக நடந்த வரிசை இவர்களுக்கு நடக்குமா என்று தெரியவில்லை. 'மற்றவர்களைப் போல' என்ற அந்தச் சாதாரண ஆசை அன்றைய இருபது வயதுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று யோசித்தால், காதல் முறிந்ததோடு இன்னொன்றும் சேர்ந்து முறிந்திருப்பது தெரியும். பாட்டு பொருளாதாரத்தைப் பற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வரியை அன்றைய ஜப்பானில் கேட்டவர்கள் வெறும் காதல் வரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடுவில் மெட்டு மாறும் இடத்தில் ஒரு விசித்திரமான சொற்றொடர் இருக்கிறது. கண் சிமிட்டும் அளவுக்கு நீளமான ஒரு பருவம் வருகிறது. மொழிபெயர்ப்பில் பிழை என்று நினைத்திருப்பீர்கள். பிழை இல்லை, மூலத்திலேயே அப்படித்தான். சிமிட்டல் என்றால் குறுகியது. குறுகியது என்று எழுத வேண்டிய இடத்தில் நீளமானது என்று எழுதிவிட்டார். யாராவது போனபின் காலம் நடந்துகொள்வது இப்படித்தானே? ஒவ்வொரு நாளும் நகராது. திரும்பிப் பார்த்தால் ஒரு வருஷம் காணாமல் போயிருக்கும். அந்தப் பருவத்தில், ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர்கள் எதிரொலிக்கத் தொடங்குகின்றன. பிறகு ஒரே ஒரு கேள்வி: கேட்கிறதா?

இங்கேதான் 'இறந்துபோனவளுக்கான பாட்டு' என்கிற கட்சி வலுவாகிறது. அந்த வாசிப்பை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஜப்பானிலும் அப்படிக் கேட்பவர்கள் நிறைய உண்டு. குரல் மட்டும் மிஞ்சுகிறது, உயிர் பறந்துவிடும் போல இருக்கிறது, பதில் வராத திசையில் 'கேட்கிறதா' என்று ஒரு கேள்வி. போதாததற்கு, தன் பாடல்களின் கருப்பொருள் உடலுறவும் சாவும்தான் என்று குசானோவே ஆரம்ப காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டவர்கள் ஸ்பிட்ஸின் எல்லாப் பாட்டிலும் ஒரு பிணத்தைத் தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அதே ஆல்பத்தில் வரும் 'குளிர்ந்த கன்னம்' என்கிற பாட்டுக்கும் இதே கதிதான். தலைப்பே இடம் கொடுக்கிறது, பாவம்.

ஆனாலும் எனக்கு இது சாவாகப் படவில்லை. இரண்டு காரணம். இனி யாரையாவது காயப்படுத்தினாலும் என்பவன், வேறு மனிதர்களோடு வேறு உறவுகளுக்குள் போகத்தான் போகிறான், அங்கே தன் முள் குத்தும் என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். சாவுக்குத் துக்கம் காப்பவனின் கவலை இப்படிப் போகாது. இன்னொன்று, எதிரொலிப்பது அவள் பெயர் மட்டும் இல்லை, ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர்கள். அதில் இவனுடைய பெயரும் இருக்கிறது. காதலர்கள் ஒருவருக்கொருவர் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள் இல்லையா, வெளியில் யாருக்கும் தெரியாத பெயர்? பிரிந்தபின் அந்தப் பெயரில் இவனைக் கூப்பிட உலகத்தில் ஆளே இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனாக இருந்தவனும் அதோடு போய்விடுகிறான். எதிரொலியில் அவ்வப்போது வந்துபோகிறான், அவ்வளவுதான். நான் முதலில் சொன்ன 'மங்கிப்போகும் ஆள்' இவன்தான்.

ஜப்பானிய இலக்கியத்தில் இந்த உணர்ச்சிக்கு வயது ஆயிரத்துக்கு மேல். சுமார் 905இல் தொகுக்கப்பட்ட 'கொகின்ஷூ' கவிதைத் தொகுப்பில் காதலுக்கென்று ஐந்து பாகங்கள் இருக்கின்றன. பார்க்காமலே ஏங்குவதில் தொடங்கி, கூடி, சலித்து, பிரிந்து, பழையதாகிப் போவது வரை காதலின் வயது வரிசைப்படி கவிதைகளை அடுக்கியிருப்பார்கள். மங்குவதற்கே ஒரு தனிப் பகுதி ஒதுக்கிய மரபு அது. அந்தக் கடைசிப் பாகத்தில் ஓனோ நோ கொமாச்சியின் கவிதை ஒன்று உண்டு. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாமலே வாடிப்போவது எது என்றால், இந்த உலகத்து மனிதரின் மனம் என்ற பூதான் என்கிறாள். மரத்துப் பூ வாடினால் தெரியும், மனத்துப் பூ வாடுவது தெரியாது.

அதே பாகத்தின் முதல் கவிதை அரிவாரா நோ நரிஹிராவுடையது. 'இஸே மொனோகதாரி' என்ற பழைய கதைத் தொகுப்பு இதற்குப் பின்னணிக் கதை சொல்கிறது. தலைநகரில் ஐந்தாம் வீதியில் ஒரு மாளிகையின் மேற்குப் பகுதியில் இருந்த பெண்ணிடம் ஒருவன் போய்வந்துகொண்டிருந்தான். முதல் மாதம் பத்தாம் தேதி வாக்கில் அவள் வேறிடம் போய்விட்டாள், இவனால் போக முடியாத இடம். அடுத்த வருஷம் அதே மாதம், பிளம் பூத்த நேரம், அந்த ஆளில்லாத வீட்டுக்கு வருகிறான். நின்று பார்க்கிறான், உட்கார்ந்து பார்க்கிறான், எப்படிப் பார்த்தாலும் போன வருஷம் போல இல்லை. வெறும் பலகைத் தரையில் நிலவு சாயும்வரை படுத்துக் கிடந்து பாடுகிறான்: நிலவு பழைய நிலவு இல்லையா? வசந்தம் பழைய வசந்தம் இல்லையா? நான் ஒருவன் மட்டும் இருந்தபடியே இருக்கிறேன்.

இந்தக் கடைசி வரியையும் குசானோவின் 'நான் நானாகவே' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குசானோ நரிஹிராவை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரே இடத்தில் வந்து நிற்கும் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். நரிஹிராவுக்கு உலகம் மாறிவிட்டது, தான் மட்டும் மாறாமல் கிடப்பதாகத் தோன்றுகிறது. அவன் திரும்பி வந்தவன், பழைய வீட்டில் படுத்தே விட்டான். ஸ்பிட்ஸ் பாட்டில் வருபவன் எங்கேயும் திரும்பிப் போவதில்லை, அவன் வினை நடப்பது. மாறாமல் இருப்பது அவனுக்குச் சோகம் இல்லை, ஒரு முயற்சி. தன்னைத் தானாகவே வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கிறான்.

இப்போது தலைப்பு. சிவந்த இலைகளைச் சொல்ல ஜப்பானியத்தில் 'மொமிஜி' என்ற சொல் இருக்கிறது. கவிதையில், சுற்றுலா விளம்பரத்தில், ஹிரோஷிமா பக்கத்துப் பலகாரத்தில் எல்லாம் அதுதான். அதைச் சொன்னதும் கண்ணில் சிவப்பு தெரியும், கூடவே வாடுகிற காதலும் வந்து ஒட்டிக்கொள்ளும். 'கயேதே' மரத்தின் பெயர். சிவப்பு, பச்சை, மொட்டைக் கிளை எதுவாக இருந்தாலும் அது கயேதேதான். தனி வெளியீடு வந்த ஜூலையில் அது பச்சையாக நின்றது என்றேனே, இதற்காகத்தான். நிறம் போவதை மட்டும் சொல்ல நினைத்திருந்தால் மற்ற சொல் கையருகே இருந்தது. மரத்துக்கு வருஷா வருஷம் நிறம் போய் வருகிறது, மரம் மரமாகவே நிற்கிறது. பாட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தலைப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது என் வாசிப்பு, நீங்கள் வேறு மாதிரிப் படித்தாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

வரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மொழி தெரியாமல்தானே இதில் விழுந்தீர்கள், அதற்குக் காரணம் ஓசையில் இருக்கிறது. ஸ்பிட்ஸ் என்றாலே மிவாவின் கிதார் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சொட்டுகிற தொடக்கம்தான் நினைவுக்கு வரும், 'ராபின்சன்' மாதிரி. 'கயேதே' அப்படித் தொடங்காமல் கீபோர்டில் தொடங்குகிறது. அதற்குமேல் குசானோவின் குரல், உச்சத்திலும் நடுங்காத, ஏறக்குறைய பையன் குரல். ஜப்பானிய ராக்கில் பிரிவுக்கு உருகுவது எப்படி என்று தெரிந்துகொள்ள 1989இல் வந்த எக்ஸ் ஜப்பானின் 'எண்ட்லெஸ் ரெய்ன்' கேளுங்கள், வானமும் தொண்டையும் சேர்ந்து கிழியும். அதுவும் அழகுதான். இங்கே பாடகர் அழுது காட்டுவதில்லை. சோகமான சொல்லுக்கும் சாதாரணச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்துக்கொண்டு போகிறார். அழுகிற வேலை கேட்பவர் தலையில் விழுகிறது.

ராக் பாட்டா இது, மெலடி தானே என்று சிலர் கேட்பார்கள். தமுராவின் பேஸைத் தனியாகக் கவனியுங்கள். மேலே குரல் நீட்டி நிற்கிற இடங்களில் அடியில் அது நடந்துகொண்டே இருக்கும். சகியாமாவின் டிரம்ஸ் எங்கும் தள்ளாடாது. குரலை அணைத்துக்கொண்டு நடக்கிறேன் என்று ஒருவன் பாட, அந்த நடையைக் கொடுப்பது இந்த இரண்டு பேரும்தான். இதே வரிகளை ஒற்றைப் பியானோவில் பாடினால் உட்கார்ந்து புலம்புகிற பாட்டாகிவிடும்.

கடைசிச் சுற்றையும் கவனியுங்கள். பல்லவியின் இரண்டு வரிகளும் மாறி மாறித் திரும்ப வரும். அந்தத் திரும்பலில் 'சயோனாரா' உதிர்ந்துபோய், அந்த இடத்திலும் 'ஆ' என்று ஒரு மூச்சு மட்டும் வரும். விடைபெறுவது முடிந்துவிட்டது. குரலும் நடையும் கேள்வியும் முடியவில்லை.

வேறு யார் பாடியிருக்கிறார்கள் என்றும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 2002இல் வந்த ஸ்பிட்ஸ் அஞ்சலி ஆல்பத்தில் மத்ஸுதோயா யூமி பாடியிருக்கிறார். குசானோ தலைமுறைக்கே பாட்டெழுதக் கற்றுக்கொடுத்த மூத்தவர் எனலாம். அவர் குரலில் இது பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிற ஒரு பெண்ணின் பாட்டாக மாறிவிடுகிறது. 'யுவர் நேம்' அனிமேயில் மித்ஸுஹாவுக்குக் குரல் கொடுத்த கமிஷிராயிஷி மோனே 2016இல் பாடியது ரொம்பச் சுத்தமாக இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகச் சுத்தம். முள் இருந்த சுவடே தெரியாது.

முதலில் குழுவின் மூலப் பதிவையே கேளுங்கள், முடிந்தால் ஆல்பத்தின் வரிசையில். இதற்கு முன்னால் வருவது 'நகயோஷி', சிறு வயதுச் சிநேகிதத்தைப் பற்றிய சின்னப் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு வந்தால் அந்த வேலி ஓட்டை இன்னும் கிட்டத்தில் தெரியும். இதற்குப் பின்னால் 'சூப்பர்நோவா' என்று ஒரு கிதார் கலாட்டா வருகிறது. ஹெட்போன் போட்டிருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.